இரண்டு நீலப் பெட்டிகள்

என் மகளின் முன்பற்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. இரண்டு வருடம் கம்பி போட்டாள். மாதாமாதம் டாக்டர் கம்பியை முறுக்குவார். இரண்டு நாள் வலி, தயிர்சாதம். பல் நகர்வதை மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. திடீரென்று ஒரு காலை, பேருந்து ஜன்னலில் இருந்து அவள் சிரித்தபோது வேறு யாரோ சிரிப்பது போல இருந்தது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சொல்லவில்லை.

கம்பியைக் கழற்றிய அன்று, இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள அவளுக்குக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பிளேட் கொடுத்தார்கள்.

"இதைப் போடலைன்னா பல்லு பழைய இடத்துக்கே போகப் பாக்கும்மா," என்ற டாக்டர், என் வாயையும் ஒரு பார்வை பார்த்தார். "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க சார். கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. ஏதாவது டென்ஷனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

எனக்கும் ஒரு பிளேட். இரண்டுக்கும் ஒரே மாதிரி நீலப் பெட்டி.

பொம்மனஹள்ளி வீட்டில் நாங்கள் இருவர்தான். காலையில் வாஷ்பேசின் ஓரம், இரண்டு டம்ளர் தண்ணீரில் எங்கள் பிளேட்டுகள் கிடக்கும். உற்றுப் பார்த்தால்தான் இருப்பது தெரியும். பாதித் தூக்கத்தில், பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி நிற்பேன். ஓசூர் சாலையின் இரைச்சல்கூட அப்போது எங்கோ தூரத்தில் கேட்கும். அந்த நேரம் அப்படியே நீளக்கூடாதா என்று இருக்கும்.

அவளுக்குக் கோயம்புத்தூரில் காலேஜ் கிடைத்தது. "எனக்கென்ன, இனிமே நிம்மதியா தூங்குவேன்," என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள். சாமான்களை நான்தான் அடுக்கினேன், பஸ்ஸும் ஏற்றிவிட்டேன். மறுநாள் படுக்கப்போகையில் பெட்டியைத் திறந்து பிளேட்டை மாட்டினால் பொருந்தவில்லை. அது அவளுடையது.

போன் அடித்தது. ஹாஸ்டலில் இருந்து அவள்தான்.

"அப்பா, உன் பிளேட்டை எனக்கு வச்சு அனுப்பிட்ட."

"இப்பதான் பாத்தேன்மா. நாளைக்கே கூரியர்ல போட்டுடறேன்."

அவள் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"போன மாசம்தானேப்பா இது குடுத்தாங்க? ரெண்டு பக்கமும் கடிச்சுக் கடிச்சு ஓட்டை விழுந்திருக்கு."

"மட்டமான பிளாஸ்டிக்," என்றேன்.

"கூரியர் வேணாம்," என்றாள். "சனிக்கிழமை நீயே எடுத்துட்டு வா."