புது சிஸ்டமும் ஆறு குரல்களும்

ரயில் திரும்பவும் யாழ்ப்பாணத்துக்கு வந்த வருஷம், கனடாவிலிருந்து வந்த அண்ணரின் மகள் தன் சின்னக் கொம்பியூட்டரை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். என்னோடு கடலுக்குப் போன ஆறு பேரின் பேச்சையும் அதில் பதிந்து வைத்தாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதுகிறது. திரையில் எந்த இடத்துச் சின்னப் படத்தை அமத்தினால் யார் கதைப்பார் என்பது மட்டும் மனப்பாடம்.

அது வரவர நின்று போவதால், இன்று யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடையில் புது சிஸ்டம் போடக் கொடுத்தேன். இருக்கப் பொறுக்காமல் கதிரைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

“அப்பு, ஒரு இடத்திலை இருங்கோ. ஒண்டும் அழியாது,” என்றாள் கடைக்காரப் பிள்ளை.

முடிந்தபின் பார்த்தால், படங்கள் பெருத்து, இடமும் மாறியிருந்தன. அந்தோனியின் இடத்தை அமத்தினேன், பேதுரு கதைத்தான். எல்லாவற்றையும் அமத்தினேன். ஐந்து பேர்தான்.

“பிள்ளை, ஒராளைக் காணேல்லை!”

“திரை சின்னன் அப்பு, அவர் கீழை வெளியிலை போயிட்டார். பொறுங்கோ, எடுத்துத் தாறன். ஆர் ஆள்?”

யோசித்ததும் சிரிப்பு வந்தது. செத்த ஐந்து பேரும் திரையில் பத்திரமாக இருக்கிறார்கள். மற்றவனுக்குப் போன் எடுத்தாலே போதும்.

இரண்டு தரம் எடுத்துவிட்டேன், தூக்குகிறானில்லை. அவன் ஊரான கொழும்புத்துறைப் பக்கம் யாராவது கண்டால், என்னோடு உடனே கதைக்கச் சொல்லுங்கள். மிஞ்சியிருப்பது சூசை ஒருவன்தான்.