ஷிப்ட் பஸ்ஸும் என் நான்கு நிமிடமும்

கச்சேரியில் கிட்டார் வாசிப்பவனுக்கு அபஸ்வரத்தைவிடப் பெரிய பகை, வெளியே காத்திருக்கும் ஷிப்ட் பஸ். காலி நாற்காலிகளுக்கு வாசித்துக் காட்டிய அன்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

குன்றத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தேன். அமெரிக்க மலைநாட்டில் 'புளூகிராஸ்' என்று ஓர் இசை உண்டு. கிட்டார் கம்பிகளை ஒவ்வொன்றாக, மூச்சு விடாமல் சுண்ட வேண்டும். அதை, எங்கள் குழுவில் கோயில் மேளமான பம்பை அடிக்கும் ஏழுமலையின் தாளத்தோடு கலந்து ஒரு மெட்டு அமைத்திருந்தேன். நான்கு நிமிடம். ஒரே ஒரு கூட்டமாவது அதை முடிவுவரை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எழுந்து நின்ற கூட்டம்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆயுத பூஜை. கேன்டீனில்தான் மேடை. எதிரே இருந்தவர்களின் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன, கண்கள் கடிகாரத்தில். மெட்டின் வேகமான பகுதிக்கு நான் வந்தபோது, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். எனக்குப் புல்லரித்தது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. வாசிப்பை நிறுத்திக் குனிந்து வணங்கினேன்.

நிமிர்ந்தால் பாதிப் பேர் வாசலில். ஒரு சூப்பர்வைசர் மட்டும் இரக்கப்பட்டுச் சொன்னார்: "இன்னா சார், கும்புட்டுக்கினு கீறீங்க? ஷிப்ட் முடிஞ்சு சைரன் அட்ச்சிச்சு. பஸ் பூடும்ல!"

சாமிக்கும் நேரம் வேண்டும்

குழுத் தலைவர் தணிகாசலம் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை கூட்டம் எழுந்து போனால் என் மெட்டைத் தூக்கிவிடுவார். பிறகு சினிமாப் பாட்டு மட்டும்தான்.

பயந்துபோய், நான்கு நிமிடத்தை மூன்றுக்குள் அடக்கப் பார்த்தேன். பென்னலூரில் ஏழுமலை வீட்டில் ஒத்திகை. வேகம், இன்னும் வேகம். நான்காவது முறை அவர் குச்சியைக் கீழே வைத்தார். "நைனா, நான் பம்பை அட்ச்சா சாமியே கொஞ்சம் டைம் எட்த்துக்கினுதான் எறங்கும். உனுக்கு மட்டும் இன்னா அவசரம்?"

மூன்றாவது ஹாரன்

சுங்குவார்சத்திரத்தில் ஆடிக் கூழ் வார்க்கும் நாள். மதிய ஷிப்ட்டுக்குப் போகும் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கூழுமாக நின்றார்கள். பஸ் ஏற்கெனவே வந்து உறுமிக்கொண்டிருந்தது. இம்முறை பம்பையை முதலில் போகவிட்டேன். அது சூடேறிய பிறகுதான் கம்பியைத் தொட்டேன்.

ஹாரன் அடித்தது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் அடித்தது. முன்வரிசையில் ஒரு திருநெல்வேலிப் பெண் தோழிகளை அதட்டினாள்: "ஏட்டி, ஒருத்தியும் ஏறாட்டா வண்டி எப்படிப் போவும்? சும்மா நில்லுங்கட்டி!"

மூன்றாவது ஹாரன் வரவில்லை. மெட்டை முடித்தபோது கைதட்டலில் மேடைப் பலகை அதிர்ந்தது. கூட்டத்துக்கு முன்னால், சாவியை விரலில் சுழற்றியபடி பஸ் டிரைவர். தணிகாசலம் அண்ணன் பதறி, நேரமாகவில்லையா என்று கேட்டார்.

"காலி வண்டிய ஓட்டிக்கினு போயி இன்னா பண்றது? இன்னொரு தபா வாசிக்கச் சொல்லு சார், டிராபிக் மேல பழியப் போட்டுக்கலாம்" என்றார் டிரைவர்.

இத்தனை வருடத்தில் என் இசைக்கு எழுத்தில் கிடைத்த ஒரே பாராட்டு, ஏதோ ஒரு தொழிற்சாலை வாசலின் பதிவேட்டில் 'பஸ் தாமதம். காரணம், டிராபிக்' என்றுதான் இருக்கிறது.