கோடு பிரபின்

பாறசாலையில் பிரபின் என்ற பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். எங்கள் போட்டோக்காரனுக்கு மட்டும் 'கோடு பிரபின்' என்று பெயர். திருவனந்தபுரத்தில் ஒருநாள் வகுப்புக்குப் போய், படத்தில் இருக்கும் கோடுகள் பார்ப்பவர் கண்ணை விஷயத்துக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்று கற்றுவந்தான். அன்றோடு கெட்டான். ரோடு, வேலி, கரண்டுக் கம்பி, எதைக் கண்டாலும் அதன் கடைசியில் ஆளை நிறுத்தினான். ஒரு கல்யாண ஜோடியைப் பொன்முடிக்குக் கூட்டிப்போய், தேயிலை வரிசையின் அந்தக் கோடிக்கே அனுப்பிவிட்டான். ஆல்பத்தில் தேயிலை அமோகமாக இருந்தது. மாப்பிள்ளை எது, பெண் எது என்று தெரியாமல் பெண்ணின் அப்பா கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அதன்பிறகு கல்யாணக்காரர்கள் கூப்பிடுவதில்லை. சாவு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெட்டியை மூடும் முன் பிள்ளைகள் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். படுத்திருப்பவர் குறை சொல்லமாட்டார்.

என் பக்கத்து வீட்டு எலிசாள் அக்கா இறந்தபோதும் அவன்தான் வந்தான். அக்காவின் மகன்கள் வினீத்துக்கும் சுமந்துக்கும் நடைவழித் தகராறில் பல வருஷமாகப் பேச்சில்லை. இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. அக்கா கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், ஒருவனும் மசியவில்லை.

மகள் அஞ்சு பிரபினின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணா, அம்மைக்க கூட ரெண்டு பேரும் ஒரே படத்தில வரணும். இனி வேற நேரம் கெடையாது, கேட்டியளா?"

பிரபின் சொந்தக்காரர்களை முற்றத்தில் வைத்திருந்த பெட்டிக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தினான். வரிசைகள் தலைமாட்டில் சேரவேண்டும், அங்கே அண்ணனும் தம்பியும் தோளோடு தோள். இருவரும் முடியாது என்று வரிசைகளின் இந்தக் கோடிக்கு, கால்மாட்டுக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டார்கள். "லைன் ஒடையுது!" என்று கத்திக்கொண்டே பிரபின் எல்லாரையும் படத்தில் அடக்கப் பின்னால் போனான், இன்னும் பின்னால் போனான், தோட்டத்தில் அக்காவுக்கு வெட்டி வைத்திருந்த குழியில் மல்லாந்து விழுந்தான்.

சாவு வீடென்றும் பாராமல் சிலர் சிரித்துவிட்டார்கள், நானும்தான். குழிக்குப் பக்கத்தில் நின்றது அண்ணனும் தம்பியும். ஓடிவந்து குனிந்து கை நீட்டினார்கள்.

"எடே, கைய பிடி!" என்றான் வினீத்.

பிரபின் பிடிக்கவில்லை. கேமராவைத் தூக்கினான். மேலிருந்து இரண்டு கைகள் கோடாக இறங்கி வருவதைப் பார்த்துவிட்டான், பாவி.

"அண்ணே, கொஞ்சம் ஒட்டி நில்லுங்கோ. இன்னும். சுமந்தே, தலைய அண்ணன் பக்கம் சாய்."

"நீ முதல்ல ஏறி வா டே," என்றான் சுமந்த்.

"எடுக்காம ஏற மாட்டேன்."

போதகர் பாட்டுப் புத்தகத்தோடு காத்துக்கொண்டிருந்தார். குழியோ இவன் வசம். வேறு வழியில்லாமல் அண்ணன் ஒரு கையைத் தம்பி தோளில் போட்டுக் குனிந்தான். படம் எடுத்தபிறகுதான் பிரபின் மேலே வந்தான்.

மறுநாள் படத்தைக் கொண்டுவந்தான். நாலு பக்கமும் செம்மண், நடுவில் வானம், அதில் ஒட்டி நிற்கும் இரண்டு முகங்கள், கீழே நீளும் இரண்டு கைகள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதில அம்மை எங்கடே? பெத்தவ இல்லாத படத்த வச்சு இவ என்ன செய்வா?"

அஞ்சு படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"சும்மா இரியுங்கோ மாமா," என்றாள். "அம்மை கெடக்க எடத்தில இருந்துல்லா எடுத்திருக்கு."