இரண்டு கை சல்யூட்

நேற்று மகன் தொலைக்காட்சியில் ஒரு போர்க்காலப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அடங்காத பையன்களை ராணுவப் பள்ளியில் தள்ளுகிற கதை. சரளைக்கல்லில் பூட்ஸ் நடக்கும் சத்தம் கேட்டதும் அடுப்படியில் நின்ற நான் அடுப்பை அணைத்தேன்.

மலேசியாவில், கோத்தா திங்கி ரப்பர் எஸ்டேட்டிலும் அன்று அதே சத்தம்தான். எனக்கு ஏழு வயது. மோட்டார் சைக்கிள் திருடிய அண்ணனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லித் தீர்ப்பு; அவன் தப்பி வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான். அம்மா அவமானத்தில் என்னிடம்கூட அதைப் "பட்டாள ஸ்கூல்" என்றே சொல்லியிருந்தாள். அப்பா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

"யார் கேட்டாலும் சொல்லாத பாப்பா," என்று அண்ணன் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்தான்.

சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள்.

"பட்டாள ஸ்கூலா?" என்றேன்.

அவர்களில் தமிழ்க்காரர் சிரித்தார். "ஆமா லா தங்கச்சி. அண்ணன் எங்க?"

படிக்கப் பயந்து ஒளிகிறானே என்று கோழிக்கூண்டைக் காட்டினேன்.

வண்டி கிளம்பியபோது விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். ஜன்னலில் அண்ணன் என்னையே பார்த்தான். பிறகு அவனும் அடித்தான்.

"ஏம்மா ரெண்டு கையாலயும் அடிக்கிறான்?"

"விலங்கு போட்டிருக்காங்கடி, பாவி!"

விலங்கு என்றால் பாடப்புத்தகத்துப் புலியும் யானையும்தான் எனக்கு. வண்டிக்குள் எட்டி எட்டித் தேடினேன்.

அந்தப் பள்ளியிலிருந்து அண்ணன் உயிரோடு திரும்பவில்லை.

படம் முடிந்து மகன் என் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

"கையக் கீழ போடுடா!" என்று கத்தினேன்.