மூக்கையாவின் ஆறாவது இரத்தம்

நவரட்ணராஜாவின் கைகள் சோதனைக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கொதிநீரில் இறக்கின. ஒவ்வொரு குழாயின் வாயிலும் பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிக் குண்டு ஒன்று இருந்தது. அப்படி வைத்தால் திரவம் வற்றாது, குழாயும் வெடிக்காது. ஆய்வுகூடத்துக்குப் போத்தல் கழுவ வந்த முதல் வருடம் முன்னவர் ஒருவர் செய்யப் பார்த்துப் பழகியது.

அவர் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயிலிருந்து கண்டிக்கு வந்தது எழுபத்து நாலில். எழுபத்தேழு இனக்கலவரத்தில் அவருடைய வாடகை அறையை எரித்தார்கள், எண்பத்துமூன்றில் மறுபடியும் எரித்தார்கள். இரண்டு முறையும் அகதி முகாமிலிருந்து நேரே ஆய்வுகூடத்துக்கு வந்து, ஊறிக்கிடந்த குழாய்களைத்தான் முதலில் கழுவினார். பட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் கொதித்த திரவம் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதை இயந்திரத்துக்கு முன்னால் அவர் கண் சொல்லிவிடும்.

இரும்பு துருப்பிடிப்பதுபோல உடம்பின் கொழுப்பும் கெடும். புகைப்பவருக்கு அது கூடுதல். இரத்தத்தின் தெளிநீரில் மருந்து சேர்த்துக் கொதிக்கவைத்தால், எவ்வளவு கெட்டதோ, குழாய் அவ்வளவு சிவக்கும். சிறுநீர்ப்பையில் ஆரம்பப் புற்றுநோய் கண்டவர்களுக்கு டொக்டர் பஹ்மி புற்றைச் சுரண்டியெடுத்தபின், வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி.யைப் பைக்குள் விடுவார். அந்த உயிர்க்கிருமியைக் கண்டு உடம்பின் காவல் விழித்து, மிச்சப் புற்றையும் அடிக்கும். சிலரில் அது விழிப்பதில்லை. துரு ஏறிய உடம்புதான் தூங்குகிறதோ என்பது பஹ்மியின் சந்தேகம். அதனால் வாரா வாரம் மருந்துக்கு முன் எடுத்த இரத்தம் நவரட்ணராஜாவிடம் வரும்.

அந்த நோயாளிகளில் ஒருவரான மூக்கையா கம்பளைக்கு மேலே தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு எரிப்பவர்.

"பச்சப்புள்ளைக்குப் போடுற மருந்த எனக்கு எங்க போடுறாங்க பாத்தீங்களா ஐயா?" என்று சிரிப்பார். "ரத்தம் வெளுக்குதுங்களா?"

"ஓம், வெளுக்குது. ஒளிச்சுப் பீடி பத்தினா எனக்குத் தெரிஞ்சிடும்."

"அடுப்பு மேல சத்தியமுங்க!"

சத்தியம் பொய்க்கவில்லை. ஐந்து வாரமும் நிறம் படிப்படியாக இறங்கியது.

ஆறாவது வாரம், கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையில் குண்டு வெடித்துச் சில நாட்கள். சிகிச்சை நிலையத்தில் எடுத்த இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து நவரட்ணராஜா பஸ்ஸில் கொண்டுவந்தார். பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இறக்கிவிட்டார்கள்.

"மேக்க மொகத?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான் சிப்பாய்.

"லே" என்றார். இரத்தம்.

சிப்பாய் பின்னே ஒரு அடி வைத்தான். "காகெ லே?"

யாருடைய இரத்தம்? மூக்கையாவின் பெயரைச் சொன்னார். அதற்குள் இவருடைய அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டார்கள். ஐந்து மணி நேரம் வாங்கில் இருத்தினார்கள். திறந்த பெட்டி வெயிலில் இருந்தது. ஐஸ் தண்ணீராகி, தண்ணீர் சுட்டது. கடைசியில் அவர் பெயரைப் பதிந்துகொண்டு போகவிட்டார்கள்.

ஆய்வுகூடத்தில் பஸ் தாமதம் என்று மட்டும் சொல்லி, சாவடியை மறைத்தார். போன வருடம் ஆய்வுகூடத்துக் களஞ்சிய எழுதுநர் இராமகிருஷ்ணனைப் பொலிஸார் ஒருநாள் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவரை வேலைக்கு எடுக்கவில்லை.

இப்போது ஆறாவது குழாய் செம்பருத்திபோல் நின்றது. மிச்ச இரத்தத்தையும் கொதிக்கவைத்தார். அதே நிறம்.

பஹ்மி உள்ளே வந்தார். "ராஜா அண்ணே, மூக்கையாட பைக்குள்ள செவந்த திட்டு ஒண்டு தெரியுது. மருந்தால வந்த புண்ணா, நோயா, கண்ணால சொல்லேலா. பெரிய டொக்டர் பையையே எடுத்துருவோம் எண்டு நிக்கிறார். சதைத்துண்டு எடுத்துப் பார்ப்போம் எண்டா, குண்டுக் காயக்காரங்களால ஒப்பரேஷன் தியேட்டர் நிறைஞ்சு போய்க் கிடக்கு. ஆறாவதும் வெளுத்திருந்தா நான் சண்டை பிடிப்பேன். ஏறியிருந்தா எனக்கு வாயில்ல."

"அரை மணித்தியாலம் தாங்கோ, டொக்டர்."

முடிவு தெரிந்துபோக வந்த மூக்கையா வெளியே வாங்கில் இருந்தார். "ஐயா, வயித்துல மூத்திரப் பையக் கட்டிக்கிட்டு அடுப்படியில நிக்க முடியுங்களா? வேல போனா தோட்டம் குடுத்த லயத்து வீட்டையும் விடணும்."

நவரட்ணராஜா குழாய்களிடம் திரும்பினார். மறுபடி இரத்தம் எடுக்க வழியில்லை. ஆறாவது மருந்து உள்ளே போய்விட்டது, அதன் அழற்சியே நிறத்தை ஏற்றிவிடும். ஐந்தாம் வார எண்ணையே திரும்ப எழுதினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அது அவர் அளக்காத எண். மூக்கையாவின் உடம்பு உண்மையிலேயே கெட்டிருந்தால், அந்த எண்ணே அவரைக் கொன்றுவிடும். இந்தச் சிவப்பில் உடம்பின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு? எந்த இயந்திரமும் பிரித்துக் காட்டாது.

தாளை எடுத்தார். ஐந்து எண்களையும் எழுதி, ஆறாவது கட்டத்தில் கோடு கிழித்தார். கீழே காரணம் எழுதினார்: இரத்தம் எடுத்த நேரம், ஆய்வுகூடம் சேர்ந்த நேரம், இடையில் பாலத்தடிச் சாவடியில் தடுத்து வைக்கப்பட்ட ஐந்து மணி நேரம், திறந்து கிடந்த பெட்டி, முடிவு செல்லாது. தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். மை காயும்வரை காத்திருந்தார். கீழே முற்றத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. அது யாருக்கு வந்ததென்று எட்டிப் பார்க்கவில்லை.

பஹ்மி தாளை எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "அண்ணே, இது ஆஸ்பத்திரி பைலுக்குப் போற தாள். உங்கள சாவடியில பிடிச்சு வச்சத எல்லாரும் வாசிப்பாங்க."

"வாசிக்கட்டும். அஞ்சு இறங்கியிருக்கு, ஆறாவது இல்லை. இனிச் சதைத்துண்டு பாராமல் ஒருத்தரும் கத்தி வைக்கேலாது. அதைச் சொல்லிச் சண்டை பிடியுங்கோ."

இரண்டு கைகளாலும் தாளை நீட்டினார். பஹ்மி வாங்கிக்கொண்டார்.