நூல் சடை

1. அக்காவின் மார்பில் இருந்த கட்டியைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள்.

2. முதல் மருந்து ஏற்றும் முன்பே அக்கா தன் சடையை வெட்டி, பழைய துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்தாள்.

3. மருந்து ஏற ஏற மிச்சமிருந்த முடி போனது. பிறகு புருவமும் போனது.

4. தம்பிக்குப் பெண் அமைந்தது.

5. இணைச்சீருக்கு அக்கா நிற்க வேண்டாம், தங்கை நான் நிற்கட்டும் என்று அத்தை வந்து சொன்னார்.

இணைச்சீர் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்வது. தாலி கட்டுவதற்கு முன்னால், அவளும் மணப்பெண்ணைப் போலப் பட்டும் நகையும் பூவுமாக வந்து அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். கட்டிக்கொடுத்த பிறகும் பிறந்த வீட்டில் அவளுக்கு உரிமை உண்டு என்பதை ஊர் பார்க்கச் சொல்கிற சீர் அது. தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அதற்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பது என்று முடிவு செய்திருந்தவள் அக்கா.

அத்தை கெட்டவர் அல்ல. நாலு பேர் பேசுவார்கள், அந்தப் பிள்ளைதான் வருத்தப்படும் என்று அம்மாவிடம் தணிந்த குரலில்தான் சொன்னார். உள்ளே படுத்திருந்த அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"ஏனுங்கத்தே, மாமன் பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தா கும்புடறீங்க. நானு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா மட்டும் ஆவாதுங்களா?"

அத்தை காபியைக் குடித்துவிட்டுப் போனார். முடிவு எதுவும் ஆகவில்லை. நான் நிற்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். துணியில் சாயம் நிற்குமா, போகுமா என்று பார்ப்பது என் வேலை. பெரிய சிக்கலைக் கூறு போட்டால்தான் எனக்குக் கை ஓடும். அக்காவின் முகத்தையும் அப்படிப் பிரித்துக்கொண்டேன். உதடு, தோல், புருவம், முடி.

உதடு வெடித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் உருக்கிச் சின்ன டப்பாவில் ஊற்றினேன். மெழுகு, அக்காவின் புகுந்த வீடு இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு, எங்களோடு வந்து தங்கியிருந்த அவளுடைய துணிமணிகளை எடுக்கப் போனபோது வாங்கியது. பஸ் நிலையத்தில் ஊட்டி வண்டி ஒன்று நின்றிருந்தது. அவளுக்குக் கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் அந்த வண்டியில் மலையேறியிருக்கிறோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் சடை சீட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. பின்னால் இருந்த அம்மாள் கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏன் அம்மணி, உம்பட சடையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறயா, எம்பட வாயில போவுது" என்றார். அக்கா குன்னூர் வரைக்கும் சிரித்தாள். இந்த முறை திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் மெழுகை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்து வந்தேன்.

தோலுக்குப் பாசிப்பயற்று மாவைப் பாலில் குழைத்துத் தடவினேன். புருவத்துக்கு விளக்கெண்ணெயில் திரி எரித்துக் கரி பிடித்தேன். முதலில் என் புருவத்தில் தீட்டி, வெயிலில் நின்று, வழிகிறதா என்று பார்த்தேன். வழிந்தது. மெழுகு கொஞ்சம் சேர்த்த பிறகு நின்றது.

முடிக்கு அவளுடைய சடையே இருந்தது. அதைப் பிரித்து, வரிசை வரிசையாகப் பனியன் துணித் தொப்பியில் தைத்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தேன். துண்டு மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கொடுமுடிக் கோயிலுக்குப் போயிருந்தபோது சடையைக் கொண்டுபோனதாக அம்மா சொன்னார். "அவளுக்கு முடி எறக்கறேன்னு சாமிகிட்டக் கேட்டிருந்தேன் கண்ணு. மருந்துல போறது சாமிக்குப் போனதா ஆவாதுல்ல. அதான் காவேரில உட்டுப்போட்டு வந்தேன்."

"கொணமானாத்தானம்மா எறக்கோணும்?"

"முன்னாடியே குடுத்துப்போட்டா சாமி மாட்டேங்க முடியாதுல்ல."

அக்கா எழுந்து உட்கார்ந்து, அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"முழுகுச்சா, மெதந்துச்சா?"

"மெதந்துதாங் கண்ணு போச்சு."

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

பட்டறையில் கேட்டுக் கறுப்புப் பருத்தி நூல் கொஞ்சம் வாங்கி வந்தேன். உப்புத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் இறங்காத நூலை மட்டும் எடுத்தேன். வியர்த்தால் அவள் தலையில் கறை இறங்கக் கூடாது. அதைச் சடையாகப் பின்னித் தொப்பியில் தைத்தேன். மேலே மல்லிகை மொக்கு வைத்துத் தைத்துவிட்டால் நூல் தெரியாது. மணப்பெண்ணுக்கே அப்படித்தான் செய்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அதன் பொருள் என்ன என்று பஸ்ஸில் நான் அக்காவுக்கு விளக்கினேன். காய்ச்சல் வந்தால் என்ன ஆகலாம் என்பதையும் விடவில்லை. பல்லடம் வரும்வரை கேட்டாள். இறங்கும்போது, "நானு நிக்கறேன். நீ பூவைத் தெச்சு உடு" என்றாள்.

நின்றாள். முகக்கவசம் போட மறுத்துவிட்டாள். பூவின் ஈரம் ஏறித் தொப்பி பின்னுக்கு இழுத்தது. நான் பின்னால் நின்று சடையின் அடியைக் கையில் தாங்கிக்கொண்டேன். சீர் செய்து வைத்த அருமைக்காரர் அவசரப்படவில்லை. தம்பி சேலை முனையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் சொந்தக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கையைப் பிடித்தார்கள், கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார்கள். அத்தை அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். யாரையும் தடுக்க என்னால் முடியவில்லை.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. கல்யாண மண்டபத்தில்தான் தொற்றியது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டு அக்கா, கல்யாண போட்டோ வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்றேன். "வந்தா மொதல்ல அத்தைக்கு அனுப்பு" என்றாள்.

இப்போது அவள் தனி அறையில் இருக்கிறாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, நுரையீரல் தெளியவில்லை. அடுத்த மருந்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எப்போது ஏற்றுவார்கள் என்று சொல்லவில்லை. ஏற்றுவார்களா என்றும் சொல்லவில்லை. தம்பியும் அவன் மனைவியும் தினமும் வந்து, கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.