ஓடைக்கரை முள்

சமயநல்லூரைத் தாண்டி எழும்பியிருக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கட்டடத்தின் வாசலில் இன்று அம்மாவோடு நின்றேன். அவள் கையிலிருந்த கருவேல முள்கட்டின் பச்சை வாடை, இதே இடத்தில் இருந்த ஓடைக்கரைக்கு என்னைக் கொண்டுபோனது.

எங்கள் தெருவில் இறந்துபோகும் சின்னப் பிள்ளைகளை அங்கேதான் புதைப்போம். என் தங்கையும் அங்கேதான். நாய் தோண்டாமலிருக்க மண்மேட்டின் மேல் முள்ளைப் பரப்பிக் கல்லேற்றுவோம், அது காய்ந்து உதிர்ந்ததும் அம்மா பச்சை முள் வெட்டி மாற்றுவாள், காற்றில் முள்ளோடு முள் உரசும் சத்தமும் தூரத்து ரயிலும் தவிர அங்கே வேறொன்றும் கேட்காது. திறப்பு விழா மலரில் அந்த இடத்தை ‘பயனற்ற முட்காடு’ என்று எழுதியிருக்கிறார்கள். கட்டட வேலை நடந்தவரை அம்மாவை வேலிக்குள் விடவில்லை.

காவலாளி மரியாதையாகவே கேட்டார். “உங்க பிள்ளை எந்த டிபார்ட்மென்ட் ஆத்தா?”

“கட்டடத்துக்கு அடியில கிடக்கா.”

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “முள்ளை அங்கிட்டுப் போடுங்க. பெரிய ஆளுக வந்து போற இடம், கால்ல குத்திரும்.”

அம்மா கட்டை அவிழ்த்து வாசற்படி முழுக்கப் பரப்பினாள்.

“குத்தட்டும்.”